மதில்மேல் பூனையும் வீட்டுக்குள் மூத்திர வாடையும்

வாடகை வீட்டில் பூனை வளர்ப்பவர்களுக்கு அப்படி ஒரு காலை வரும். பால் பாக்கெட் எடுக்க எழுந்து போவீர்கள். கதவு நிலையின் உட்பக்கத்தில், தரைக்கு ஒரு சாண் மேலே தொடங்கி, பழுப்பாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருக்கும். குனிந்து மோந்து பார்த்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எங்கள் வீட்டில் அந்தக் காலை போன புரட்டாசியில் வந்தது.

பூனையின் பெயர் சங்கு. வயது நாலு. குட்டியிலேயே விதை நீக்கும் ஆப்பரேஷன் ஆனவன். அதுவரை மணல் டப்பாவைத் தவிர வேறெங்கும் போகாதவன், ஒரே வாரத்தில் கதவு நிலை, செருப்பு ஸ்டாண்ட், சன்னல் திரை, அன்றுதான் வந்து இறங்கிய கேஸ் சிலிண்டர் என்று நாலு இடத்தில் பீய்ச்சி அடித்து வைத்திருந்தான். கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் அம்மா மாடிப்படியில் பாதி ஏறும்போதே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு அட்வான்ஸ் பணம் கண்முன் வந்து போனது.

அந்த வாரத்தில் இலவச யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஃபினாயில் ஊற்று. அந்துருண்டை போடு. ஆப்பரேஷனை ஒழுங்காகப் பண்ணியிருக்க மாட்டார்கள், மறுபடி காட்டு. இன்னொரு டப்பா வை. பிளக்கில் மாட்டுகிற மருந்து ஒன்று இருக்கிறதாம், வாங்கு. மனசு அமைதிக்கு மாத்திரை கொடு. கடைசியாக ஒருவர், "சாக்குல கட்டி மீன் மார்க்கெட்ல விட்டுட்டு வா, அதுக்கும் நல்லது உனக்கும் நல்லது" என்றார். இவற்றில் எதை எடுப்பது, எதை எப்போது எடுப்பது, எதைத் தொடவே கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆப்பரேஷன் ஆகாத கடுவன் என்றால் ஒப்பிடவே வேண்டாம், ஆப்பரேஷன்தான். ஆப்பரேஷன் ஆன பூனை திடீரென்று தொடங்கினால், சன்னலுக்கு வெளியே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. மற்ற வழிகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் பின்னால் வரிசையில் நிற்பவை.

ஆனால் வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் வந்திருப்பது எந்தப் பிரச்சினை என்று தெரிந்தாக வேண்டும். இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். பூனை டப்பாவுக்கு வெளியே மூத்திரம் போவதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, நின்றுகொண்டு அடிப்பது. சுவருக்கு முதுகைக் காட்டும், வாலைச் செங்குத்தாகத் தூக்கும், வால் நுனி படபடவென்று நடுங்கும், பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதிக்கும், ஒரு பீய்ச்சல். அளவு ஒரு தேக்கரண்டியைத் தாண்டாது. முடிந்ததும் ஒன்றும் நடக்காததுபோல நடந்து போகும். மணலைத் தோண்டுகிற மாதிரி தரையைப் பிராண்டிக்கூடப் பார்க்காது. இந்த வகைப் பூனை தன் வழக்கமான மூத்திரத்துக்கு டப்பாவையே பயன்படுத்தும். இரண்டாவது வகை, உட்கார்ந்து போவது. மெத்தை, கால்மிதி, துவைக்கப் போட்ட துணி என்று கிடைமட்டமான இடத்தில் குளம்போலப் போய்விடும்.

முதலாவது, மற்றப் பூனைகளுக்குச் செய்தி சொல்வது. இரண்டாவது கழிவறைப் பிரச்சினை அல்லது உடம்புப் பிரச்சினை. டப்பா அழுக்காக இருக்கலாம், மணல் பிடிக்காமல் இருக்கலாம், சிறுநீர்ப்பையில் அழற்சியோ கல்லோ இருக்கலாம். இரண்டையும் ஒன்றாக நினைத்து மருந்து தேடினால் காசுதான் போகும். அதிலும் ஆண் பூனை அடிக்கடி டப்பாவில் ஏறி உட்கார்ந்து முக்கி, சொட்டுச் சொட்டாகவோ இரத்தம் கலந்தோ போனால், அல்லது ஒன்றுமே வராமல் கத்திக்கொண்டு அடிப்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள். ஆண் பூனையின் மூத்திரக்குழாய் மிகக் குறுகலானது. அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். நடுராத்திரி என்றாலும் காத்திருக்கக் கூடாத விஷயம் இது ஒன்றுதான்.

நானும் முதலில் மருத்துவரிடம்தான் போனேன். மூத்திரப் பரிசோதனையில் குறை ஒன்றுமில்லை. இன்னொரு சந்தேகத்தையும் அவரே தீர்த்துவைத்தார். சில பூனைகளுக்கு ஒரு விதை வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே இருந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு ஆப்பரேஷன் ஆயிற்று என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள், பூனை மட்டும் கடுவனாகவே நடந்துகொள்ளும். சங்குவுக்கு அப்படியும் இல்லை. உடம்பில் கோளாறில்லை என்று தெரிந்ததும் பழைய மொபைல் ஒன்றை ஹாலில் கேமராவாக நிறுத்தி வைத்தேன்.

மூன்றாம் நாள் மாட்டியது. விடிகாலை நாலேகால் மணி. சங்கு சன்னல் திண்டில் உட்கார்ந்து வெளியே பார்க்கிறான். காது இரண்டும் பக்கவாட்டில் படிகிறது. காம்பவுண்டு மதிலில், தெருவிளக்கு வெளிச்சத்தில், கன்னம் இரண்டும் உப்பிய ஒரு செம்பட்டைக் கடுவன் நடந்து வருகிறது. நிற்கிறது. நம் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பி, மாடிப்படிக் கம்பியில் வாலைத் தூக்கி அடிக்கிறது. அது இறங்கிப் போன பிறகு சங்கு குதித்து நேராகக் கதவு நிலைக்கு வருகிறான். உள்ளேயிருந்து அதே மாதிரி வாலைத் தூக்குகிறான். கேள்வி வெளியே, பதில் உள்ளே.

அந்த மூத்திரத்தில் என்னதான் இருக்கிறது? பூனை மூத்திரத்தில் ஃபெலினின் என்றொரு கந்தகம் கலந்த அமினோ அமிலம் இருக்கிறது. ஆப்பரேஷன் ஆகாத ஆண் பூனையில்தான் மிக அதிகம். சிறுநீரகத்தில் இது உருவாக உதவும் புரதத்தை ஜப்பானில் மியாசாகி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2003-ல் கண்டுபிடித்து, காக்ஸின் என்று பெயர் வைத்தார்கள். ஃபெலினின் வெளியே வந்தபோது பெரிதாக நாறாது. நேரம் ஆக ஆகச் சிதைந்து கந்தகச் சேர்மங்களாக மாறும்போதுதான் மூக்கைப் பிய்க்கும். காலையில் லேசாகத் தெரிந்த வாடை சாயங்காலம் வீட்டையே தூக்குவதற்கு இதுதான் காரணம். அந்தக் கந்தகம் இறைச்சியிலிருந்து வருவது. ஆகவே, நாற்றம் எவ்வளவு பலமோ அவ்வளவு நன்றாகச் சாப்பிடுகிற கடுவன் என்று இன்னொரு பூனைக்கு அது சொல்லக்கூடும். மற்றப் பூனை அதை மோந்து, வாயைப் பாதி திறந்து, மேலுதட்டைச் சுருட்டி ஒரு விநாடி அப்படியே நிற்கும். நாம் அருவருப்பு என்று நினைப்போம். மேலண்ணத்தில் இருக்கும் தனி மோப்ப உறுப்புக்கு அந்த வாடையை ஏற்றுகிற வேலை அது.

இதை எல்லைக் கல் என்று சொல்வது வழக்கம். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. ஒரு பூனை அடித்த இடத்தைப் பார்த்து இன்னொரு பூனை பயந்து திரும்பிப் போவதில்லை. நின்று மோந்து படித்துவிட்டு, தானும் ஒன்று அடித்துவிட்டு, தன் வழியே போகும். நேருக்கு நேர் மோதாமல், யார் எப்போது வந்தார்கள் என்று தெரிந்துகொண்டு ஒரே தெருவை நேரம் பிரித்துப் பயன்படுத்த அது உதவுகிறது. நம் ஊரில் தேர்தலுக்கு முன் சுவர் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூலையில் கட்சிப் பெயரும் ஆண்டும் எழுதி 'ரிசர்வ்' என்று போட்டிருக்கும். வெயிலில் மங்கினால் வந்து மறுபடி எழுதுவார்கள். பக்கத்துச் சுவரில் எதிர்க்கட்சி எழுதிவிட்டால் அன்று ராத்திரியே எழுதுவார்கள். சங்குவின் அரசியலும் அதேதான்.

ஆகவே முதல் வழியான கழுவுவதைப் பற்றிப் பேசலாம். இது தனியாக ஒரு தீர்வு ஆகாது. ஆனால் இதைச் செய்யாமல் மற்ற எந்த வழியும் பலிக்காது. பாதி அழிந்த சுவரெழுத்தைப் புதுப்பிக்க ஆள் வருவதுபோல, பாதி கழுவிய இடத்துக்குப் பூனை திரும்பி வரும். எதை வைத்துக் கழுவுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஃபினாயில் வேண்டாம். பூனையின் கல்லீரலுக்கு ஃபீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. கருப்பு ஃபினாயிலில் அந்த வகைதான் இருக்கிறது. வெள்ளை ஃபினாயிலில் இருக்கும் பைன் எண்ணெயும் அதற்கு ஆகாது. டெட்டாலும் இதே குடும்பம். தரையில் துடைத்த ஈரத்தில் பூனை நடக்கும், பிறகு உட்கார்ந்து பாதத்தை நக்கும். அந்துருண்டை அதைவிட மோசம். அதைத் தின்றோ நக்கியோ வைத்தால் இரத்த அணுக்களையே உடைக்கும். பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ மூத்திரத்தோடு சேர்ந்தால் உங்களுக்கே மூச்சு முட்டும் வாயு வரும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பூனைக்கு இன்னொரு பூனை வந்துபோன மாதிரிதான். சாம்பிராணி போட்டால் நமக்குத்தான் வாடை தெரியாது, அதற்கு நன்றாகத் தெரியும்.

வேலை செய்வது என்சைம் கலந்த கிளீனர். செல்லப்பிராணிக் கடைகளில் தனியாகக் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் என்சைம் இருக்கிற சலவைத்தூளை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, இடத்தை நனைத்து, கால் மணி நேரம் அப்படியே ஊறவிட வேண்டும். அவசரமாகத் துடைத்தால் என்சைமுக்கு வேலை செய்ய நேரமே இல்லை. பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்து, காய்ந்ததும் மேலே லேசாக சர்ஜிகல் ஸ்பிரிட் தடவினால் மிச்சமிருக்கும் பிசுக்கும் போகும். டிஸ்டெம்பர் சுவரென்றால் முதலில் ஓரத்தில் தடவிப் பாருங்கள், பெயிண்ட் உரிந்து வரலாம். எங்கெல்லாம் அடித்திருக்கிறது என்று தெரிய, ரூபாய் நோட்டு சரிபார்க்கும் ஊதா டார்ச்சை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். நான் நாலு இடம் என்று நினைத்திருந்தேன், பதினொன்று மினுங்கியது. பீரோவின் பக்கவாட்டில் மட்டும் மூன்று.

இனி ஆப்பரேஷன். ஐந்தாறு மாதத்தில் பூனை வயதுக்கு வந்துவிடும், அதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. வளர்ந்த கடுவனுக்குச் செய்தாலும் பலன் பெரிது. கலிஃபோர்னியாவில் பெஞ்சமின் ஹார்ட் என்பவரும் அவருடன் இருந்தவரும் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த பிறகு ஆப்பரேஷன் செய்த ஆண் பூனைகளில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பீய்ச்சி அடிப்பதை நிறுத்தின அல்லது வெகுவாகக் குறைத்தன. பெரும்பாலானவற்றில் மாற்றம் சீக்கிரமே தெரிந்தது, சிலவற்றுக்கு மாதக்கணக்கானது. நாற்றமும் இறங்கிவிடும், ஏனென்றால் ஃபெலினின் குறைகிறது. இதோடு போட்டி போட வேறு எந்த மருந்தும் கருவியும் கிடையாது. செலவும் ஒருமுறைதான். "ஆம்பளத்தனம் போயிடும்", "எலி பிடிக்காது" என்பார்கள். எலி பிடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உடம்பு போடும் என்பது மட்டும் உண்மை, சோற்றைக் கொஞ்சம் குறைத்தால் போதும். பெட்டைப் பூனையும் இணை தேடும் பருவத்தில் அடிக்கும், ஆகவே அதற்கும் இதே பதில்.

ஆனால் ஆப்பரேஷன் முழுக் காப்பீடு அல்ல. அதே ஹார்ட் 1984-ல் இன்னொரு கணக்கையும் வெளியிட்டார். குட்டியிலேயே ஆப்பரேஷன் ஆன ஆண் பூனைகளில் ஏறக்குறைய 10 சதவீதமும், பெட்டைகளில் 5 சதவீதமும் வளர்ந்த பிறகு அடிக்கத்தான் செய்கின்றன. எங்கள் சங்கு அந்தப் பத்தில் ஒருவன். இப்படிப்பட்ட பூனை வைத்திருப்பவர்களுக்குத்தான் மீதி வழிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் அனுபவத்தில் அதிகம் பலன் தந்ததும், யாருமே எனக்குச் சொல்லாததும், மதில்மேல் பூனையைக் கவனிப்பது. வீட்டுப் பூனை எங்கே அடிக்கிறது என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். வாசல், சன்னல், பால்கனி என்று வெளியை நோக்கிய இடங்களில் அடித்தால் ஆள் வெளியே இருக்கிறான். நடைபாதை, படுக்கையறை வாசல், சோபா முதுகு என்று வீட்டுக்கு நடுவில் அடித்தால் சண்டை உள்ளேயே இருக்கும் இன்னொரு பூனையோடு. புதுசாக வந்த பொருளில் மட்டும் அடித்தால் அந்தப் பொருளின் வாடைதான் காரணம். செருப்பு தெருவெல்லாம் மிதித்து வருகிறது. கேஸ் சிலிண்டர் எத்தனையோ வீட்டுச் சமையலறையில் இருந்துவிட்டு உருண்டு வருகிறது. பொங்கலுக்கு வெள்ளையடித்த பிறகு பூனை திடீரென்று தொடங்கினால் ஆச்சரியமில்லை. பூனை தினமும் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த அடையாளம் எல்லாம் ஒரே நாளில் சுண்ணாம்புக்கு அடியில் போய்விட்டது.

மதில்மேல் பூனைக்கு நாம் செய்யக்கூடியது மூன்று. பார்வையை மறைப்பது, அது வரும் காரணத்தை அகற்றுவது, அதற்கும் ஆப்பரேஷன் செய்வது. பார்வையை மறைப்பது மிக மலிவு. சன்னல் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் பால்நிற ஸ்டிக்கர் ஒட்டினேன். மேலே வெளிச்சமும் காற்றும் வரும், கீழே உட்கார்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ராத்திரி மட்டும் அந்த ஒரு சன்னலைச் சாத்தினேன். சென்னை வெக்கையில் எல்லாச் சன்னலையும் சாத்தச் சொல்கிற ஆலோசனையை எழுதியவர் இந்த ஊரில் தூங்கியிருக்க மாட்டார். மாடிப்படிக் கம்பியையும் வாசல் வெளிப்பக்கத்தையும் அதே என்சைம் தண்ணீரால் தினமும் கழுவினேன். வெளியே இருக்கும் கேள்வியை அழிக்காமல் உள்ளே இருக்கும் பதிலை மட்டும் அழித்துப் பயனில்லை.

அடுத்தது காரணம். இது எனக்குக் கொஞ்சம் வெட்கமான பகுதி. அந்தச் செம்பட்டைக் கடுவன் ஏன் தினமும் நம் மதிலுக்கே வருகிறது என்று யோசித்தேன். சங்கு மிச்சம் வைத்த மீன் சோற்றை ராத்திரி மாடிப்படி ஓரத்தில் காக்கைக்கு என்று நான்தான் வைத்துக்கொண்டிருந்தேன். காக்கை விடிந்த பிறகுதான் வரும். நாலு மணிக்கு வந்தது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. அதற்காகப் பட்டினி போடவும் மனசு வரவில்லை. சாப்பாட்டை வீட்டுக்குப் பின்பக்கம், எங்கள் சன்னலுக்குத் தெரியாத தண்ணீர்த் தொட்டி ஓரத்துக்கு மாற்றினேன். அதுவும் சாயங்காலத்தில், அது சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துவிடுவேன்.

மூன்றாவதாக, அதற்கும் ஆப்பரேஷன். நெத்திலிக் கருவாடு வைத்த கூண்டில் பிடிக்க மூன்று ராத்திரி ஆயிற்று. முதல் ராத்திரி மாட்டியது ஒரு பெருச்சாளி. அந்த மாதக் கணக்கில் கொஞ்சம் துண்டு விழுந்தது உண்மை. ஆனால் தெருப் பூனைக்கு நான் செலவு செய்ததை என் பூனைக்குச் செய்த செலவாகத்தான் எழுதி வைத்திருக்கிறேன். அடையாளத்துக்கு அதன் காது நுனியை லேசாக வெட்டி அனுப்பினார்கள். சில வாரத்தில் மதில் உலா குறைந்தது. வந்தாலும் இப்போது உட்கார்ந்து உடம்பை நக்கிவிட்டுப் போகிறது.

சண்டை வீட்டுக்குள்ளேயே என்றால் கணக்கு வேறு. பூனைகளின் எண்ணிக்கை கூடக் கூட, வீட்டில் ஏதாவது ஒன்று அடிக்கும் வாய்ப்பும் கூடும். டப்பா எத்தனை என்றால் பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் ஒரே மூலையில் வரிசையாக வைக்காதீர்கள். மூன்று டப்பாவை ஒட்டி ஒட்டி வைத்தால் பூனைக்கு அது ஒரு பெரிய டப்பாதான், அதன் வாசலில் ரவுடிப் பூனை உட்கார்ந்துகொண்டால் மற்றதுக்கு வழி அடைந்துவிடும். சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர், ஏறிப் படுக்க உயரமான இடம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். அலமாரி மேல் ஒரு பழைய துண்டு போட்டாலே போதும். 2001-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர், ஆப்பரேஷன் ஆன பூனைகள் இருந்த வீடுகளில் கூடுதல் டப்பா, தினசரிச் சுத்தம், என்சைம் கிளீனர் போன்றவற்றை மட்டும் செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். அடிப்பது குறைந்தது, ஆனால் ஓரளவுதான். பெட்டைகளுக்குப் பலன் கூடுதல். ஏறக்குறைய செலவே இல்லாத வழி என்பதால் எப்படியும் செய்துவிடுங்கள், ஆனால் இதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். அப்புறம், மணத்துக்காக லாவெண்டர் வாசனை மணல் வாங்காதீர்கள். மணம் உங்களுக்குத்தான், மூக்கு வைத்துத் தோண்டுவது அது.

பிளக்கில் மாட்டும் மருந்து பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பூனை கன்னத்தைத் தேய்க்கும்போது விடும் வாடைப் பொருளின் செயற்கை வடிவம் அது. பிரான்சில் பாத்ரிக் பாஜா என்ற கால்நடை மருத்துவரின் ஆய்விலிருந்து வந்தது. ஃபெலிவே என்பது அதிகம் தெரிந்த பெயர். கன்னம் தேய்த்த இடத்தில் பூனை பொதுவாக மூத்திரம் அடிக்காது என்பதுதான் இதன் அடிப்படை. ஒரு பாட்டில் ஒரு மாதம் வரும், ஒரு பெரிய அறைக்குப் போதும். சில வீடுகளில் பலன் தெரிகிறது. எனக்கு ஒரு மாதத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நாள் முழுக்கச் சன்னல் திறந்து, மின்விசிறி ஓடுகிற நம் வீடுகளில் அந்த வாடை எவ்வளவு தங்கும் என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. ஏசி போட்டு மூடிய அறை, வீடு மாறுகிற மாதம், புதுப் பூனை வந்திருக்கிற வாரம் என்றால் பணம் கொடுத்துப் பார்க்கலாம். காசில்லாத மாற்று ஒன்று உண்டு. சுத்தமான காட்டன் துணியால் பூனையின் கன்னத்தை மெதுவாகத் தடவி, அதே துணியை, கழுவிக் காய்ந்த இடத்தில் பூனை மூக்கு உயரத்தில் தேய்த்துவிடுங்கள். அந்த இடத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டையும் வையுங்கள். சாப்பிடுகிற இடத்தில் பூனை அடிப்பது அபூர்வம். கதவு நிலைப் பிரச்சினை எனக்கு இப்படித்தான் தீர்ந்தது.

மாத்திரை என்றதும் பாதிப் பேர் பயப்படுகிறார்கள், மீதிப் பேர் முதல் நாளே கேட்கிறார்கள். இரண்டும் வேண்டாம். மனிதர்களுக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸிடின், குளோமிப்ரமின் இரண்டும் பூனைகளுக்கும் கொடுக்கப்படுகின்றன. பலன் நிஜமாகவே நல்லது. அதே டேவிஸ் வளாகத்தினர் 2005-ல் இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய ஒரே அளவு பலன், ஃப்ளூவாக்ஸிடினில் எட்டு வாரத்துக்குப் பிறகும் பலன் கூடிக்கொண்டே போனது. ஆனால் சட்டென்று நிறுத்தியதும் பூனைகள் மறுபடி அடிக்கத் தொடங்கின. ஆகவே இது இரண்டு வார விஷயம் இல்லை, மாதக் கணக்கு. கல்லீரல், சிறுநீரகம் பார்க்க இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்து, அவர் சொல்லும்போது படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். மாத்திரை விலை அதிகமில்லை. தினமும் பூனையின் வாயைத் திறந்து உள்ளே போடுவதுதான் விலை. சங்குவுக்கு ஒரு வேளை பூச்சி மாத்திரை கொடுத்த தழும்பே என் கையில் இன்னும் இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மனிதர்களுக்கான தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். டயஸிபாம் என்ற அந்த வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்த சில பூனைகள் கல்லீரல் அழிந்து இறந்திருக்கின்றன. வெளியே இருக்கும் காரணத்தையும் உள்ளே இருக்கும் சண்டையையும் சரிசெய்து, கழுவி, இரண்டு மாதம் பார்த்தும் அடங்காத பூனைக்கு மாத்திரை நியாயமான வழிதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மிச்சமிருப்பது மீன் மார்க்கெட் யோசனை. வீட்டில் வளர்ந்த பூனையைத் தெரியாத இடத்தில் இறக்கிவிட்டால், அங்கே ஏற்கெனவே சுவர் பிடித்து வைத்திருக்கும் கடுவன்கள் நாலு இருக்கும். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது குற்றமும் கூட. பகலில் மட்டும் வெளியே விட்டு வளர்ப்பது வேறு விஷயம், கிராமத்து வீடுகளில் அது சாதாரணம். ஆனால் அடிப்பதை நிறுத்த அதை ஒரு வழியாக எடுத்தால் பலன் நேர்மாறாகப் போகலாம். வெளியே போன பூனை தெருவின் அரசியலையெல்லாம் தெரிந்துகொண்டு வந்து வீட்டுக்குள் அறிக்கை விடும். உண்மையிலேயே முடியவில்லை என்றால், வேறு பூனை இல்லாத, மதில் இல்லாத ஒரு வீட்டைத் தேடித் தாருங்கள். மேல்மாடி ஃபிளாட்டுக்குப் போனதும் அடிப்பதை நிறுத்திய பூனையை நானே பார்த்திருக்கிறேன். பூனையைக் கை ஓங்கி அடிப்பதும் தண்டனையும் இந்தப் பட்டியலிலேயே இல்லை. கையில் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு துரத்தினால் பூனை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் இல்லாத நேரத்தில் அடிக்க வேண்டும்.

செலவையும் நேரத்தையும் வைத்து நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் இப்படிப் போவேன். முதல் இரண்டு நாளில் மருத்துவர், மூத்திரப் பரிசோதனை, பழைய மொபைல் கேமரா. அதே வாரத்தில் ஊதா டார்ச், என்சைம் கழுவல், சன்னல் ஸ்டிக்கர். வெளியே வைக்கும் சோறு அன்றைக்கே இடம் மாறும். இரண்டாவது வாரத்தில் தெருக் கடுவனுக்குக் கூண்டு. பிளக் மருந்துக்குப் போன காசை அந்தக் கூண்டுக்கு முன்பே போட்டிருப்பேன். மாத்திரையைக் கையில் எடுக்கும் முன் எட்டு வாரம் காலண்டரில் குறித்துப் பார்ப்பேன். அடித்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. மூக்கை நம்பினால் தினமும் அடிக்கிற மாதிரியே இருக்கும், காலண்டர்தான் நிஜத்தைச் சொல்லும்.

எங்கள் காலண்டரில் புரட்டாசி முழுக்கப் பெருக்கல் குறிகள். கார்த்திகையில் மூன்று. தையில் ஒன்று. இடையில் ஹவுஸ் ஓனர் அம்மாவின் ஸ்கூட்டர் சீட்டில் யாரோ அடித்துவிட்டுப் போனதால் அவரே மேலே வந்து, "அந்தப் பவுடர் பேரு என்ன சொன்னீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். அட்வான்ஸ் பேச்சு அதன்பிறகு எழவில்லை.

கேஸ் சிலிண்டரை மட்டும் சங்கு இன்னும் விடவில்லை. ஆகவே சிலிண்டர் வந்த அன்று ஈரத்துணியால் மேலும் கீழும் துடைத்து, மேடைக்கு அடியில் தள்ளிவிட்டு, சமையலறைக் கதவை ராத்திரி வரை சாத்தி வைக்கிறேன். அவன் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கீழ் இடுக்கில் மூக்கை வைத்து மோந்துகொண்டிருப்பான்.